பாவை மன்றமும் சூரிக்கத்தியும்

பூம்புகாருக்குச் சென்று வருவோர் பெரும்பாலும் 1973ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிவந்து, சுவரெங்கும் கல்லில் வடிக்கப்பட்டுள்ள கண்ணகியின் கதையைக் கண்டு, கடலில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவர். இறையியல் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோதெல்லாம் நான் அவர்களிடம் வினவுவது ஒன்றுண்டு. இளங்கோவடிகள் இந்திரவிழாவைப் பாடுமிடத்தில் புகார் நகரின் ஐந்து மன்றங்களைக் கூறுகின்றாரே, அவற்றுள் ஐந்தாவது எது? விடை கூறியவர் மிகச் சிலரே. அஃது பாவை மன்றம். அரசனின் செங்கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவையத்தார் ஒருபக்கம் சாய்ந்து தீர்ப்புரைத்தாலும், அம்மன்றத்திலுள்ள பாவை வாய்திறந்து ஒன்றும் சொல்லாது. கண்ணீர் மட்டும் உகுத்து நிற்கும்.

இதனைப் பண்டை உரைகாரர் வழியில் நின்று சோழர் நீதியின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கோ இப்பகுதி ஒரு கலக்கத்தையே தருகின்றது. அநீதி நடந்ததென்று அறிவிக்க ஒரு கற்பாவை வேண்டியிருந்தது எனின், அந்நகரில் அதனைச் சொல்ல வாயுள்ள மனிதர் இல்லையா? இருந்தனர் என்றால் அவர்கள் ஏன் சொல்லவில்லை? புகாரில் பிறந்த ஒருத்தி சொன்னாள். ஆனால் அவள் சொன்ன இடம் மதுரை. அங்கும் வாயிலோன் அவளைத் தடுக்கவில்லை, அரசனிடம் சென்று அறிவித்தான். அரசன் அவளை உள்ளே அழைத்தான், யாரென்று கேட்டான், சிலம்பை உடைக்கவும் விட்டான். பாண்டியனைக் குற்றவாளி என்றே நாம் அறிவோம். எனினும் தன்னைக் குற்றம் சாட்டியவளின் சொல்லை முழுதும் கேட்டவன் அவன். இக்காலத்து அதிகாரங்களோடு ஒப்பிடுகையில் இது சிறிய சிறப்பன்று.

பேசுவோரைப் பாவையாக்கிவிடும் முயற்சி நம் மாநிலத்தில் அண்மைக் காலத்தில் வெளிப்படையாக நடந்தது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலின் பொருட்டே. அந்நாவலையும் அதன்மேல் தொடுக்கப்பட்ட தாக்குதலையும் ஒருசேர வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நாவலைப் பற்றி நம் வட்டாரத்தில் பேசியவர்களில் பலர் அதனைப் படித்திராதவர்கள். எரித்தவர்களைப் பற்றிச் சொல்லப்படும் அதே குறையை ஆதரித்தவர்கள்மேலும் சுமத்தலாம் என்பது வருத்தத்திற்குரியது.

நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறுவோம். காலச்சுவடு பதிப்பகம் 2010இல் இந்நாவலை வெளியிட்டது. நான்காண்டுகள் ஒரு சலசலப்பும் இன்றி அது விற்பனையாயிற்று. 2013இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. 2014 டிசம்பர் இறுதியில் திருச்செங்கோட்டில் அதன் படிகள் எரிக்கப்பட்டன. நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு ஊரெங்கும் வழங்கப்பட்டன. மதம் சார்ந்த அரசியல் அமைப்புகள் தொடங்கிவைத்த எதிர்ப்பை உள்ளூர்ச் சாதி அமைப்புகள் கையிலெடுத்துக்கொண்டன; கடையடைப்பு நடந்தது. அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை நீக்கிவிடுவதாக ஆசிரியர் கூறியும் எதிர்ப்புத் தணியவில்லை. 2015 ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் ஒரு கூட்டம் நடைபெற்றது. வருத்தம் தெரிவிக்க ஆசிரியர் ஒருப்பட்டார். அது போதாதென்று நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்கப்பட்டது. விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் அவர் இசைந்து கையொப்பமிட்டார். அதன்பின் தம் முகநூல் பக்கத்தில் அவர் எழுதிய அறிவிப்பை நாடே அறியும். எழுத்தாளன் இறந்துவிட்டான் என்றார். தாம் இறைவன் அல்லாமையால் உயிர்த்தெழப் போவதில்லை என்றும், மறுபிறப்பில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றும், இனி ஓர் எளிய ஆசிரியனாக மட்டும் வாழ்வதாகவும் சொன்னார். பதிப்பாளர்கள் தம் நூல்களை விற்க வேண்டாமென்றும், இழப்பைத் தாமே ஈடுசெய்வதாகவும் கேட்டுக்கொண்டார்.

இனி நாவலுக்கு வருவோம். திருச்செங்கோட்டு வட்டாரத்து உழவர் குடியில் பிறந்த காளியும் பொன்னாவும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் மகப்பேறு இல்லாதவர்கள். காலம் வெள்ளையர் ஆட்சிக்காலம். ஒருவரையொருவர் மனமார நேசிக்கும் அவ்விருவருக்கும் குழந்தையின்மை ஒரு குறையாகத் தோன்றுவதைவிட ஊராரின் வாயே பெரும் துன்பமாகிறது. பிறர் வீட்டு நிகழ்ச்சிகளில் பொன்னா ஒதுக்கப்படுகிறாள். காளிக்கு வேறு பெண்ணை மணமுடிக்கலாம் என்ற பேச்சு எழுந்தவண்ணம் இருக்கின்றது. கோயில் கோயிலாக வேண்டுதல் நடக்கின்றது. அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாப் பெண்டிர் தம் விருப்பப்படி முன்பின் அறியாத ஆடவனைக் கூடலாம், அவன் தெய்வமாகக் கருதப்படுவான், பிறக்கும் பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை என்றொரு வழக்கம் நாவலில் பேசப்படுகிறது. அவ்வழக்கம் வரலாற்றில் இருந்ததா இல்லையா என்பதே எதிர்ப்பாளரின் வினாவாக இருந்தது. நாவலின் வினாவோ முற்றிலும் வேறு.

காளி அதற்கு ஒருப்படவில்லை. ஆனால் அவன் ஒருப்பட்டுவிட்டதாகப் பொன்னாவிடம் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் பகைவர் அல்லர். அவளைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவனும். அவள் வாழ்வு மலரவேண்டுமென்ற அன்பினாலேயே பொய்யுரைக்கின்றனர். அண்ணன் முத்து, காளியின் உயிர்நண்பன், அன்றிரவு அவனைக் குடிக்க அழைத்துச் சென்று அப்புறப்படுத்துகின்றான். தன் கணவன் சொன்னதாக நம்பியே பொன்னா போகிறாள். திரும்பிவந்து வெறிச்சோடிய வீட்டைக் கண்ட காளியின் நெஞ்சம் என்னாயிற்று என்பதைச் சொல்லி, முடிவைச் சொல்லாமலே நாவல் நின்றுவிடுகிறது. (இருவேறு முடிவுகளைக் கற்பித்து ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என இரு நாவல்களை ஆசிரியர் பின்னர் எழுதினார்.) ஆகவே இது பெண்களின் கற்பைப் பழித்த நூல் என்பது நூலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்ததன் விளைவு. கணவன் சொல்லைத் தட்டாத ஒருத்தியை, அவன் சொல்லாத சொல்லைக் கொண்டு ஏமாற்றிய குடும்பத்தின் கதை இது.

குறைகள் இல்லையென்று சொல்லமாட்டேன். குழந்தையின்மையால் நேரும் இழிவுகளை ஆசிரியர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்கையில், இடைப்பகுதி சற்றே பட்டியல் தன்மை பெற்றுவிடுகின்றது. மணம் செய்துகொள்ளாமலே உல்லாசமாக வாழும் நல்லுப்பையன் சித்தப்பாவின் பேச்சு சில இடங்களில் பாத்திரத்தின் பேச்சாக இல்லாமல் ஆசிரியரின் வாதமாக ஒலிக்கின்றது. ஆனால் பூவரச மரமும், தொண்டுப்பட்டியும், மாடுகளின் மூச்சும் கொண்டு ஓர் இல்லற அன்பை எழுப்பிக் காட்டியிருக்கும் திறம் தமிழில் அரியது. அன்னாளை நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கின்றோம். பெனின்னாள் அவளை விசனப்படுத்தியதைப் பத்து நிமிடம் விரித்துரைக்கிறோம். அதே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, “இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா, அம்மா?” என்று இளம்பெண்ணிடம் கேட்கும் போதகர்களை நான் அறிவேன், நானும் கேட்டிருக்கிறேன். ஞானஸ்நானத்தின்போது குழந்தையை ஏந்த முன்வந்த பெண்ணை, பிள்ளைபெறாதவள் என்று மெல்ல விலக்கியதை டெல்டாப் பகுதிச் சபையொன்றில் கண்டேன். விலக்கியவர்கள் பக்தியுள்ள தாய்மார். ஆயர்பணிக்கு ஆயத்தமாகும் மாணவன் இந்நாவலைப் படிப்பது, ஆலோசனைப் பணி குறித்த பாடநூல் ஒன்றைப் படிப்பதற்குக் குறைந்ததன்று.

மீண்டும் நாமக்கல்லுக்கு வருவோம். அங்கு நடந்ததை எண்ணுந்தோறும் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகின்றது. எபேசுவில் தெமேத்திரியு என்னும் தட்டான் கூட்டத்தைத் திரட்டினான். தியானாள் தேவியின் மகத்துவம் அழிந்துபோம் என்பது அவன் சொன்ன காரணம். ஆனால் தொழிலாளரிடம் அவன் முதலிற் சொன்னது வருமானத்தைப் பற்றி. பெருமாள்முருகன் தம் பகுதியின் தனியார் பள்ளிகளுடைய போக்கைக் கண்டித்து எழுதியவர். சாதியைப் பற்றி எழுதியும் தொகுத்தும் வந்தவர். தருமபுரி இளவரசனுக்குப் ‘பூக்குழி’ நாவலைக் காணிக்கையாக்கியவர். நான்காண்டுகள் புண்படாத மனம் திடீரெனப் புண்பட்டதற்கு இவையும் காரணமாகலாம் என்று அந்நாளிலேயே சிலர் கூறினர். தெமேத்திரியுவின் கூட்டத்தில் பெரும்பாலோர் எதற்காகக் கூடினோம் என்றறியாதிருந்ததையும் லூக்கா குறிக்கத் தவறவில்லை. படியெடுத்த சில தாள்களைக் கண்டு கொதித்தவர்களைப் போன்றவர்கள் அவர்கள்.

ஆயினும் நான் கருத்திற்கொள்ள வேண்டுவது அப்பட்டணத்துச் சம்பிரதியானவனை. அவன் கிறிஸ்தவன் அல்லன், தியானாளை வணங்குபவன், பவுலின்மேல் அவனுக்குத் தனிப்பற்று ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மணிநேரம் கூச்சலிட்ட கூட்டத்தை அமர்த்தி, வழக்கிருந்தால் நியாயஸ்தலம் உண்டு, விசாரிக்க அதிகாரிகள் உண்டு, இன்று நடந்த கலகத்துக்கு நாமே கணக்குச் சொல்ல வேண்டிவரும் என்று கூறி அனைவரையும் வீட்டுக்கு அனுப்பினான். பவுலின் தோழர்களான காயுவையும் அரிஸ்தர்க்கையும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்படி அவன் கேட்கவில்லை. நாமக்கல்லில் நேர்ந்தது இதற்கு மறுதலை. கலகம் செய்வோரை அடக்கும் கடமையுடைய அரசு, கலகத்தைக் காரணங்காட்டி எழுதியவனை அடக்கிற்று. ஒழுங்கைக் காப்பதற்கு எளிதான வழி, எண்ணிக்கையில் குறைந்தவனைப் பணியவைப்பதுதானே.

இச்செயல் சட்டத்திற்கும் ஒவ்வாது என்பதை 1989இலேயே உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிய ரங்கராஜன் வழக்கில், ஆர்ப்பாட்டமும் வன்முறை மிரட்டலும் கருத்துரிமையை அடக்குவதற்குக் காரணமாகா என்றும், அவற்றைத் தடுப்பதே அரசின் வேலை என்றும் தீர்ப்பாயிற்று. ‘மாதொருபாகன்’ வழக்கில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தார் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் 2016 ஜூலை 5ஆம் நாள் தீர்ப்பளித்தனர். ஜனவரி 12ஆம் நாள் உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது. நூலைத் தடைசெய்ய வேண்டுவதில்லை. பிடிக்காதவர் படியாமல் விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். முடிவில் நீதிபதிகள் எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தமக்குக் கைவந்த பணியைச் செய்யட்டும், எழுதட்டும் என்றனர்.

உயிர்த்தெழுதல் என்ற சொல்லை நாம் எளிதில் கடந்துபோகலாகாது. தாம் இறைவன் அல்லர், எனவே எழப்போவதில்லை என்றார் எழுத்தாளர். எழுக என்றது நீதிமன்றம். நம் மாணவர் ஒருவர் இதனை ஈஸ்டர் பிரசங்கத்துக்கு ஏற்ற உவமை என்று மகிழ்ந்தார். நான் அவரைத் தடுத்தேன். இறந்தவன் எழுந்தான் என்பதில் மட்டும் மகிழ்ந்து, கொன்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்பதை மறைத்துவிடும் உவமை நமக்கு உதவாது. கையொப்பம் வாங்கிய அலுவலரோ, படிகளை எரித்தவரோ எங்கும் கணக்குச் சொல்லவில்லை. மேலும் எழுந்தவர் பழைய மனிதராக எழவில்லை. மௌனமாயிருந்த மாதங்களில் எழுதிய கவிதைகளுக்கு அவர் இட்ட பெயர் ‘கோழையின் பாடல்கள்’. அதன்பின் வந்த நாவலான ‘பூனாச்சி’ ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதரைப் பற்றி எழுத அஞ்சுவதாகவும், பசுவையும் பன்றியையும் எழுத இயலாதென்றும், எஞ்சியது ஆடு என்றும் அதன் முன்னுரையில் அவரே சொல்லிக்கொள்கிறார். இதனைப் புதிய கலைவழி என்று புகழ்ந்தோரும் உண்டு. எனக்கு அது தழும்பாகவே படுகின்றது. உயிர்த்த ஆண்டவருக்கும் தழும்புகள் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தழும்பை அணிகலன் என்று சொல்வதற்குத் தழும்பு பெறாதவர்களுக்கு உரிமை ஏது?

தீர்ப்பின் ஒரு பகுதியோடு உடன்பட எனக்குத் தயக்கம் உண்டு. இத்தகைய பூசல்கள் எழும்போது இலக்கியமும் கலையும் அறிந்த வல்லுநர் குழுவின் கருத்தைப் பெற அரசு ஏற்பாடு செய்யவேண்டும் என்று நீதிபதிகள் பணித்தனர். நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைதான். ஆனால் கல்வியறிவுடையோர் குழு, கூச்சலிடும் கூட்டத்தைவிட எழுத்துக்குப் பாதுகாவலாக இருக்கும் என்பதற்கு வரலாறு உறுதி தரவில்லை. நம் தரங்கம்பாடியே இதற்குச் சான்று. அதைப் பின்னர்க் காண்போம்.

எரேமியா 36ஆம் அதிகாரம் நூலெரிப்பின் வரலாற்றில் மிகப் பழைய பக்கங்களுள் ஒன்று. ஒன்பதாம் மாதம், குளிர்காலத்து மாளிகை, கணப்பு மூட்டியிருக்கின்றது. யெகுதி மூன்று நாலு பத்தி வாசித்தவுடனே யோயாக்கீம் சூரிக்கத்தியால் சுருளை அறுத்துக் கணப்பில் எறிகின்றான். அவன் கோபாவேசங் கொண்டதாக வேதம் சொல்லவில்லை. வாசிக்க வாசிக்க, நிதானமாக அறுக்கின்றான். இந்த நிதானமே அச்சந்தருவது. இவன் தகப்பன் யோசியா, சாப்பான் என்னும் சம்பிரதி நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசிக்கக் கேட்டுத் தன் வஸ்திரத்தைக் கிழித்தவன். தகப்பன் வஸ்திரத்தைக் கிழித்தான், மகன் புஸ்தகத்தைக் கிழித்தான் என்று நாம் பிரசங்கிப்பது வழக்கம்.

நாம் பிரசங்கியாத ஒன்றை இங்குச் சொல்ல விரும்புகிறேன். சுருளை எரிக்கவேண்டாமென்று அரசனிடம் மூவர் விண்ணப்பம்பண்ணினர்: எல்நாத்தான், தெலாயா, கெமரியா. கெமரியா சாப்பானின் மகன். அவனது அறையில்தான் பாரூக் முதலில் சுருளை வாசித்தான். எரேமியாவை முன்னொருமுறை சாவினின்று காத்த அகீக்காமும் ஒரு சாப்பானின் மகனே. எழுத்தரின் குடும்பமொன்று எழுத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துநின்றது போலும் என்று எண்ணத் தோன்றுகின்றது. ஆனால் எல்நாத்தான் யார்? அக்போரின் குமாரன். 26ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். எரேமியாவைப் போலவே பேசிய உரியா என்னும் தீர்க்கதரிசி எகிப்துக்கு ஓடிப்போனான். அவனைப் பிடித்துவர அரசன் அனுப்பிய ஆட்களுக்குத் தலைவன் அக்போரின் குமாரனாகிய எல்நாத்தானே. உரியா கொண்டுவரப்பட்டான்; பட்டயத்தால் வெட்டுண்டான்; அவன் உடல் நீசஜனங்களின் பிரேதக்குழிகளில் எறியப்பட்டது. அவன் எழுதியதோ பேசியதோ ஒரு வரியும் நமக்கு மிஞ்சவில்லை.

ஒருவனைப் பிடித்துக்கொடுத்த கை, பின்னொருநாள் மற்றொருவனின் சுருளுக்காக நீண்டது. அவன் மனம் மாறிவிட்டானா, அன்றி மனிதனைக் கொல்லலாம், புஸ்தகத்தை எரிக்கலாகாது என்று கருதும் அரண்மனைப் பண்பாட்டாளனா? வேதம் விடை தரவில்லை. கமலாலயமோ கோட்டையோ, பேராயர் மாளிகையோ, எந்த அதிகாரத்தின் அருகிலும் வாழும் கற்றவர்களின் நிலை இதுவே.

உரியாவைப் போல் முடிந்தவர்கள் நம் காலத்திலும் உண்டு. மூடநம்பிக்கைகளை எதிர்த்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயிலும், சிவாஜியைப் பற்றிப் புதுநோக்கில் எழுதிய கோவிந்த் பன்சாரே 2015 பெப்ரவரியில் கோலாப்பூரிலும், வசன இலக்கிய ஆய்வாளர் எம். எம். கல்புர்கி அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் தம் வீட்டு வாசலிலும், பத்திரிகை ஆசிரியர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவிலும் சுடப்பட்டனர். இவர்களுள் கல்புர்கியின் வரலாறு நமக்குச் சிறப்பாக உரியது. 1989இலேயே அவர் தம் ஆய்வுக் கருத்துகள் சிலவற்றைச் சமயத் தலைவர்களின் நெருக்கடியால் திரும்பப் பெற்றார். குடும்பத்தைக் காக்க அவ்வாறு செய்ததாகவும், அன்றே அறிவுலகில் தற்கொலை செய்துகொண்டதாகவும் அவர் கூறினார். பணிந்தும் அவர் பிழைக்கவில்லை என்பது, பணியச்சொல்லும் நல்லவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டியது. தமிழகத்தில் கொலை வரை செல்லவில்லை என்று ஆறுதல் கொள்வாருண்டு. 2015 பெப்ரவரியில் கரூரில் புலியூர் முருகேசன் தம் சிறுகதைக்காக அடிக்கப்பட்டார். புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை குணா ‘ஊரார் வரைந்த ஓவியம்’ எழுதித் தம் ஊராலேயே ஒதுக்கப்பட்டார். 2007 மே 9இல் மதுரையில் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காகத் ‘தினகரன்’ அலுவலகம் தாக்கப்பட்டு, ஊழியர் மூவர் உயிரிழந்தனர். இம்மூவர் எழுத்தாளரும் அல்லர். அவர்கள் பெயர்களை இலக்கியக் கூட்டங்களில் எவரும் சொல்வதில்லை.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் 1981 மே இறுதியில் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. ‘ஈழநாடு’ நாளேட்டின் அலுவலகமும் அந்நாட்களில் எரியூட்டப்பட்டது. அதனைச் செய்தது சிங்களப் பேரினவாத அதிகாரத்தின் கை. ஆனால் ‘முறிந்த பனை’யை எழுதியவருள் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுடப்பட்டபோது, அந்தக் கை தமிழ்க் கையே என்று அவர் தோழர்கள் உறுதியாகக் கூறினர். முதலாவதைச் சொல்லும்போது உயரும் நம் குரல், இரண்டாவதைச் சொல்லும்போது தாழ்ந்துவிடுகிறது. கிறிஸ்தவ இல்லத்தில் பிறந்தவர் என்ற உரிமையோடு நம் சபைகள் அவரை நினைவுகூர்ந்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

இனி நம் வீட்டைக் காண்போம். பூம்புகாருக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9இல் கரையிறங்கிய சீகன்பால்கு ஐயரை, டேனியக் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் 1708இன் இறுதியில் சிறையிலடைத்தான். நான்கு மாதம் அவர் டான்ஸ்போர்க் கோட்டையில் இருந்தார். ஏழை விதவையொருத்தியின் வழக்கில் அவர் குறுக்கிட்டது உடனடிக் காரணம். இதனை நாம் நூற்றாண்டு விழாக்களில் பெருமையுடன் பேசுகிறோம். மற்றொன்றைப் பேசுவதில்லை. தென்னிந்தியக் கடவுளரைப் பற்றித் தமிழ்ச் சுவடிகளையும் மக்களின் மடல்களையும் ஆதாரமாகக் கொண்டு அவர் 1713இல் எழுதிமுடித்த நூலை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஹாலேயிலிருந்த பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். புறமதத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கருத்து. தளபதி ஹாசியுஸின் சிறை நான்கு மாதத்தில் திறந்தது. பக்திமான் பிராங்கேயின் சிறையிலிருந்து அந்நூல் வெளிவர 1867 ஆயிற்று. ஜெர்மான் என்பவர் சென்னையில் அதனை அச்சிட்டார். வல்லுநர் குழு என்றதும் எனக்கு ஏற்பட்ட தயக்கத்தின் காரணம் இதுவே. திருநெல்வேலியில் இரேனியுஸ் ஐயர், ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைப் பற்றிய நூலொன்றுக்கு வெளிப்படையான மதிப்புரை எழுதியதற்காக 1835இல் தம் சங்கத்தால் நீக்கப்பட்டார். ஒரு மதிப்புரைக்காக!

பழங்கதை என்பீராகில் 2006ஐ நினையுங்கள். ‘டாவின்சி கோட்’ திரைப்படத்தைத் தடைசெய்யுமாறு கிறிஸ்தவ அமைப்புகள் கோரின. தமிழக அரசு திரையிடலை நிறுத்திவைத்தது. உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. அப்போது நீதிமன்றம் சுட்டிக்காட்டியது ரங்கராஜன் வழக்கின் நெறியையே. அதே நெறியின் நிழலில்தான் பத்தாண்டு கழித்துப் பெருமாள்முருகன் நின்றார். அவர் நின்ற பக்கத்தில் நாம் அன்று நிற்கவில்லை, எதிர்ப்பக்கத்தில் நின்றோம். எரிப்புக்கு நியாயமாக எபேசுவின் விசுவாசிகள் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான புஸ்தகங்களை எரித்ததை எடுத்துக்காட்டிய கூட்டமொன்றில் நானும் இருந்தேன். அவர்கள் எரித்தவை தங்கள் சொந்தப் புஸ்தகங்கள் என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

கேரளத்தில் மலையாளப் பேராசிரியர் டி. ஜே. ஜோசப் வினாத்தாள் ஒன்றில் வைத்த பகுதிக்காக, 2010 ஜூலை 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தாயுடன் திருப்பலி கண்டு திரும்பும் வழியில் வலக்கை வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் மதவெறி கொண்ட ஓர் அமைப்பைச் சார்ந்தவர்கள். சில வாரங்களில் அவரைப் பணியினின்று நீக்கியது அவர் கற்பித்த திருச்சபைக் கல்லூரி. 2014இல் அவர் மனைவி தம் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னரே, ஓய்வுபெறும் தறுவாயில், அவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கத்தியினும் கல்லூரியின் கடிதமே தம் குடும்பத்தைச் சிதைத்தது என்ற பொருளில் அவர் பின்னாளில் பேசினார்.

இவற்றையெல்லாம் எழுதுகிறவன் யார் என்ற வினா எழவேண்டியதே. டெல்டாவில் நான் போதகனாயிருந்த சபையொன்றில் ஒரு மாத இதழ் நடத்திவந்தோம். உழவுக்கூலிக் குடும்பத்து இளைஞர் ஒருவர், சபையின் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஓடும் வாய்க்கால் எதற்காக வெட்டப்பட்டது என்று கேட்டு இரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். சொற்கள் கடுமையானவை அல்ல. எவர் பெயரும் அதில் இல்லை. எந்தப் பக்கம் எவர் புதைக்கப்படுகின்றனர் என்பதை மட்டும் எழுதியிருந்தார். இதழ் வெளிவந்த மறுநாள் கமிட்டியார் போதகர் இல்லத்துக்கு வந்தனர். கூச்சலில்லை, மரியாதையாகவே பேசினர். ஆலயப் புதுப்பிப்புக்கான நன்கொடை நின்றுபோகும் என்பதை இருமுறை சொன்னார்கள். அன்றிரவு நான் அவ்விளைஞரை வரவழைத்தேன். சமாதானத்தின் பொருட்டு என்று சொன்னேன். வருத்தம் என்று எழுதியிருந்தார். மன்னிப்பு என்று திருத்தச் சொன்னது நான்தான். வழங்காத படிகளில் அப்பக்கங்களின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டது. பசை தடவும் வேலையில் நானும் உதவினேன்.

நாமக்கல் அலுவலகத்தில் நடந்ததைப் பத்திரிகையில் படித்தபோது அந்த ஒரு சொல் திருத்தம் என்னைக் குத்தியது. எல்நாத்தானைப் பற்றி மேலே எழுதியது ஆராய்ச்சியினால் கண்டதன்று.

ஒட்டப்பட்ட படிகளில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. அந்த இளைஞர் இப்போது வெளியூரில் குடும்பத்தோடு வாழ்கிறார். எந்தச் சபைக்கும் போவதில்லை என்று கேள்வி. அக்கட்டுரையை மறுபடியும் அச்சிட அனுமதி கேட்டும், என் கடிதத்தை இணைத்தும், சென்ற மாதம் அவருக்கு எழுதினேன். மறுமொழி வந்தது. தம்மிடம் படி இல்லை, இருந்தால் அனுப்பி வையுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வரியில் எழுதியிருந்தார். நேற்றுத் தபாலில் சேர்த்தேன்.